ஆஸ்துமாவும் லூபஸும் ஒரே வீட்டில்: பெருந்தொற்றுக் காலத்தை நாங்கள் கடந்த விதம்

எனக்கு ஆஸ்துமா. கூடவே தூசி, பூஞ்சை, வலி மாத்திரை என்று நீளும் ஒவ்வாமைப் பட்டியல் ஒன்றும் உண்டு. என்னைவிட ஆறு வயது இளையவளான தங்கைக்கு லூபஸ். என் உடம்பின் காவல் படை ஒன்றுமில்லாத தூசியைப் பார்த்தே ஆர்ப்பாட்டம் செய்யும். அவளுடையதோ சொந்த உறுப்புகள் மீதே பாயும். மருந்து கொடுத்துத்தான் அதை அடக்கி வைத்திருக்கிறோம். 2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கோவிட்டைப் பெருந்தொற்று என்று சொன்ன பிறகு, எங்கள் இருவருக்கும் எல்லாத் திசையிலிருந்தும் வந்த அறிவுரை ஒன்றுதான்: "எதிர்ப்பு சக்தியைக் கூட்டிக்கொள்ளுங்கள்."

அன்போடு சொன்னவர்கள்தான். பொடி அனுப்பினார்கள், சூரணம் அனுப்பினார்கள், மாத்திரைப் பட்டியல் அனுப்பினார்கள். ஆனால் தங்கையின் நோயே எதிர்ப்பு சக்தி கட்டுமீறிப் போவதால் வருவது. அதைத் தூண்டிவிடுவதாகச் சொல்லி விற்கும் எதையும் அவள் தொடவே கூடாது என்று அவளுடைய மருத்துவர் நோய் கண்டறிந்த முதல் நாளிலேயே சொல்லியிருந்தார். வந்த பொட்டலங்களையெல்லாம் அம்மா ஒரு பையில் போட்டுக் கட்டிவைத்தார். யாருடைய அறிவுரையாக இருந்தாலும் "இது எப்படிப்பட்ட உடம்பை நினைத்துச் சொன்னது?" என்று முதலில் கேட்கும் பழக்கம் எங்கள் வீட்டில் அப்போதுதான் தொடங்கியது. அடுத்த மூன்று ஆண்டுகளில் நாங்கள் பட்ட அடிகளில் பாதிக்கு மேல், அந்தக் கேள்வியைக் கேட்க மறந்த இடங்களில் விழுந்தவை.

முதல் அடி எனக்கு விழுந்தது. அதற்குக் காரணம் வைரஸ் அல்ல, குளியலறை.

அந்த மார்ச் மாதக் கடைசி வாரத்தில் கதவுக் கைப்பிடி, குழாய், சுவிட்ச் என்று கைபடும் இடமெல்லாம் துடைத்துக்கொண்டிருந்தோம். ஒரு நாள் மதியம் அம்மா குளியலறைத் தரையில் ப்ளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றினார். கறை போகவில்லை என்று அதன் மேலேயே கழிப்பறை கழுவும் அமிலத்தையும் ஊற்றிவிட்டார். ஜன்னல் சாத்தியிருந்தது. ப்ளீச்சோடு அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். அம்மோனியா கலந்த திரவம் சேர்ந்தால் குளோரமைன் வரும். இரண்டும் நல்ல நுரையீரலையே எரிக்கக்கூடியவை. அம்மா இருமிக்கொண்டு வெளியே வந்ததைப் பார்த்து நான் உள்ளே ஓடி ஜன்னலைத் திறந்தேன். அங்கே நின்றது பத்து விநாடிகூட இருக்காது. கூடத்துக்கு வருவதற்குள் நெஞ்சை யாரோ கயிறு போட்டு இறுக்குவது போல் ஆகிவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பேச முயன்றால் இரண்டு சொல்லுக்கு மேல் வரவில்லை.

அப்படிப்பட்ட நேரத்தில், மருந்தைப் புகைபோல ஆக்கி மூச்சில் தரும் நெபுலைசர் கருவியை வைப்பதுதான் எங்கள் வழக்கம். ஆனால் யாருக்குத் தொற்று இருக்கிறது என்று தெரியாத அந்த நாட்களில், நெபுலைசரின் புகையோடு கிருமியும் அறையெங்கும் பரவலாம் என்பதால், முடிந்தவரை அதைத் தவிர்த்து, ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் குழாய்க் கூடு வழியாக இன்ஹேலர் எடுக்கும்படி உலக ஆஸ்துமா வழிகாட்டுதல்கள் சொல்லியிருந்தன. தங்கை அலமாரியிலிருந்து ஸ்பேசரை எடுத்துவந்து, இன்ஹேலரைக் குலுக்கிப் பொருத்தி, என் வாயில் வைத்தாள். ஒரு அழுத்து; நிதானமாக நான்கைந்து மூச்சு. மறுபடி குலுக்கி, ஒரு அழுத்து. எண்ணிக்கையை அவள்தான் வைத்துக்கொண்டாள். ஆறாவது அழுத்துக்குப் பிறகு கயிறு கொஞ்சம் தளர்ந்தது. இருபது நிமிடம் கழித்து மறுபடியும் எடுத்தேன். அவசர ஊர்தியை அழைக்க எண்ணை ஒற்றிவிட்டுக் கையில் வைத்திருந்த அம்மா, போனைக் கீழே வைக்க அரைமணி நேரம் ஆனது.

மூன்று விஷயங்களை அந்த மதியமே மாற்றிக்கொண்டோம். சுத்தம் செய்யும் எந்த இரண்டு திரவத்தையும் ஒன்றாகச் சேர்ப்பதில்லை. சோப்பும் தண்ணீரும் போதும் என்கிற இடத்தில் வேறெதுவும் வேண்டாம். இந்த வைரஸைச் சுற்றியிருப்பது ஒரு கொழுப்பு உறை, அதைச் சோப்பே உடைத்துவிடும். துடைக்கும் வேலை நடக்கும்போது நான் வேறு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருப்பேன், ஜன்னல்கள் திறந்திருக்கும். தெளிப்பான் பாட்டில்களை அன்றோடு ஒழித்துவிட்டோம். திரவத்தைத் துணியில் ஊற்றித் துடைத்தால் காற்றில் துளிகள் பறப்பதில்லை.

கைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு முப்பது முறை கழுவியதில் இரண்டே வாரத்தில் என் விரல் முட்டிகள் வெடித்தன. எக்ஸிமா என்ற தோல் அழற்சி உள்ளவர்களுக்கு இது தெரிந்த கதை. வெடித்த தோலில் சானிடைசர் பட்டால் கண்ணீர் வரும், அதனால் கை கழுவவே மனம் பின்வாங்கும். கழுவியதும் ஈரம் முழுவதும் காயும் முன்னர் மணம் சேர்க்காத களிம்பைத் தடவிக்கொள்வது, இரவில் கனமாகத் தடவிப் பருத்திக் கையுறை போட்டுக்கொள்வது ஆகிய இரண்டும்தான் தோலைத் திரும்பத் தந்தன. முகக்கவசத்தின் ரப்பர் வாரில் உள்ள ரசாயனம் சிலருக்குக் காதுக்குப் பின்னால் அரிப்பைக் கொண்டுவரும். எனக்கு வந்தது. தலைக்குப் பின்னால் கட்டும் துணி நாடாவுக்கு மாறியதும் போய்விட்டது.

ஆனால் தும்மல் போகவில்லை. பெருந்தொற்றுக் காலத்தில் பொது இடத்தில் தும்முவது என்றால் என்ன என்பது, வருடம் முழுவதும் மூக்கு ஒழுகுபவர்களுக்குத்தான் தெரியும். ஒருமுறை மருந்து வாங்க வரிசையில் நின்றபோது அடுத்தடுத்து ஐந்து தும்மல் வந்தது. முகக்கவசம் போட்டிருந்தேன், முழங்கை மடிப்பில்தான் தும்மினேன். எனக்கு முன்னால் நின்ற பெண்மணி குழந்தையை இழுத்து இடுப்போடு அணைத்துக்கொண்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, நானும் அப்படித்தான் செய்திருப்பேன். வரிசையை விட்டு வந்துவிட்டேன். வேறொரு நாள் அம்மா போய் வாங்கிவந்தார்.

வெளியே இருப்பவர்களின் பயத்தைவிட, எனக்குள்ளேயே இருந்த குழப்பம் பெரிது. இது வழக்கமான ஒவ்வாமையா, அதுவா? காய்ச்சல் வந்தால் ஒவ்வாமை அல்ல. கண்ணும் அண்ணமும் அரித்தால் பெரும்பாலும் ஒவ்வாமைதான். ஆனால் நடுவில் நிற்கும் நாட்கள்தானே அதிகம்? அந்த நாட்களில் எனக்குக் கைகொடுத்தது பீக் ஃப்ளோ மீட்டர் என்ற எளிய குழாய். முழு மூச்சை இழுத்து ஒரே ஊதாக ஊதினால், மூச்சு எவ்வளவு வேகமாக வெளியேறுகிறது என்று ஒரு முள் காட்டும். நன்றாக இருக்கும் நாளில் என் அளவு 420. அதில் எண்பது சதவீதம், அதாவது 336க்கு மேல் இருந்தால் பச்சை. 210க்குக் கீழே போனால் சிவப்பு: யோசிக்காமல் மருத்துவமனை. இரண்டுக்கும் நடுவே மஞ்சள்: மருத்துவர் எழுதித் தந்த திட்டப்படி மருந்தைக் கூட்ட வேண்டும். தினமும் காலையில் ஊதி நோட்டுப் புத்தகத்தில் எழுதினேன். தும்மல் இருந்தும் எண் இறங்காவிட்டால் மனம் அமைதியாகும். எண் இறங்கி, இன்ஹேலருக்குப் பிறகும் ஏறாமல், உடம்பு வலியும் சேர்ந்தால் அன்றே பரிசோதனை. இப்படி ஒரு கோடு போட்டுக்கொண்ட பிறகுதான் இரவில் தூங்கினேன்.

ஆரம்பத்தில் நான் செய்த ஒரு தவற்றையும் மறைக்கக் கூடாது. ஸ்டீராய்டு எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் என்று எங்கோ படித்துவிட்டு, தினசரி இன்ஹேலரை நானாகவே ஒன்பது நாள் நிறுத்தினேன். உள்ளிழுக்கும் ஸ்டீராய்டின் அளவு மிகச் சிறியது, அது பெரும்பாலும் மூச்சுக்குழாயோடு நின்றுவிடும். அதை நிறுத்தினால் குழாய்கள் வீங்கித் தயாராகக் காத்திருக்கும், எந்தச் சளி வந்தாலும் இழுப்பில் முடியும். கட்டுக்குள் இருக்கும் மிதமான ஆஸ்துமா கோவிட் ஆபத்தைப் பெரிதாகக் கூட்டுவதில்லை என்றும், அண்மையில் ஸ்டீராய்டு மாத்திரை தேவைப்பட்ட அளவுக்குக் கட்டுமீறிய ஆஸ்துமாதான் கவலைக்குரியது என்றும் பிறகு வந்த ஆய்வுகள் காட்டின. நான் நிறுத்தியது, என்னைப் பாதுகாத்துக்கொண்டிருந்த மருந்தை. குளியலறை மதியம் அவ்வளவு மோசமாகப் போனதற்கு அந்த ஒன்பது நாளும் ஒரு காரணம் என்று என் மருத்துவர் சொன்னார்.

பிறகு நான் ஒழுங்காக எடுத்துக்கொண்டேன். வெளியே போகாததாலும் முகக்கவசத்தாலும் சளிக் கிருமிகள் அண்டவில்லை. அந்தக் குளியலறை மதியத்தைத் தவிர்த்தால், எனக்கு நினைவு தெரிந்து இழுப்பே வராத ஆண்டு அதுதான். பல நாடுகளில் ஆஸ்துமாவோடு அவசரப் பிரிவுக்கு வருகிறவர்கள் அந்த ஆண்டில் குறைந்தார்கள். என் கதையில் இதை ஒரு ஆறுதலாகவே வைத்திருக்கிறேன்.

தங்கையின் கதை வேறு.

லூபஸ் உள்ளவர்களுக்கு ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்பது அன்றாட மருந்து. நோய் கிளம்பாமல் வருடக்கணக்கில் பிடித்து வைத்திருப்பது அது. 2020 மார்ச்சில், மிகச் சில நோயாளிகளை வைத்து நடந்த ஒரு சிறிய ஆய்வை நம்பி, அது கோவிட்டைக் குணமாக்கும் என்று பேச்சுக் கிளம்பியது. மார்ச் 28 அன்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதற்கு அவசர அனுமதியும் தந்தது. உலகம் முழுக்க மருந்துக் கடைகளில் அலமாரி காலியானது. ஜூன் 5 அன்று, பிரிட்டனில் நடந்த ரெகவரி என்ற பெரிய ஆய்வு, மருத்துவமனையில் சேர்ந்த கோவிட் நோயாளிகளுக்கு அதனால் பயனில்லை என்று அறிவித்தது. ஜூன் 15 அன்று அமெரிக்காவும் அனுமதியைத் திரும்பப் பெற்றது. செய்தியாகப் பார்த்தால் பதினோரு வாரம். எங்கள் வீட்டில் அது ஒரு தட்டில் கொட்டி எண்ணிய மாத்திரைகள்.

மூன்று கடைகள் இல்லை என்று சொன்ன நாளின் மாலை அது. கையிருப்பு எத்தனை நாளுக்கு வரும் என்று பார்க்க, அவளுடைய டப்பாவை ஒரு தட்டில் கவிழ்த்தேன். வெள்ளை மாத்திரைகளைப் பத்துப் பத்தாகத் தள்ளி எண்ணினேன். தொண்ணூறு வாங்கி இருபத்திரண்டு நாள் ஆகியிருந்தது. தினம் இரண்டு என்றால் 46 இருக்க வேண்டும். 58 இருந்தன. தப்பாக எண்ணிவிட்டேனோ என்று மறுபடி எண்ணினேன். 58தான். நிமிர்ந்து பார்த்தேன். வாசற்படியில் நின்றுகொண்டிருந்தவள், "பன்னிரண்டு நாளாக ஒன்றுதான் போடுகிறேன் அக்கா. கிடைக்காமல் போனால் என்ன செய்வது?" என்றாள். அவள் குரலில் இருந்தது பயம்கூட அல்ல. பல வருடம் நோயோடு வாழ்பவர்களுக்கு வரும் அந்தக் கணக்குப் போடும் அமைதி.

அன்றிரவே மருத்துவரைத் தொலைபேசியில் பிடித்தோம். அவர் திட்டவில்லை. அந்த மருந்து உடம்பில் வாரக்கணக்கில் தங்கக்கூடியது, அதனால் பன்னிரண்டு நாளில் பெரிய ஆபத்து வந்துவிடாது, ஆனால் இப்படிக் குறைத்துக்கொண்டே போனால் விளைவு மாதங்கள் கழித்துத்தான் தெரியும், அப்போது தெரிந்து பயனில்லை என்றார். லூபஸ் இருப்பதையும் எத்தனை வருடமாக எடுக்கிறாள் என்பதையும் குறிப்பிட்டு ஒரு கடிதம் எழுதி அனுப்பினார். அந்தக் கடிதத்தைக் காட்டியபோது, இல்லை என்று சொன்ன ஒரு கடையிலேயே உள்ளிருந்து இரண்டு அட்டை வந்தது. நோயின் பெயரும் மருந்தின் பெயரும் அளவும் எழுதிய மருத்துவர் கடிதம் ஒன்று எப்போதும் வீட்டில் இருக்க வேண்டும். ஒரு மாதக் கையிருப்பும் இருக்க வேண்டும். அதற்கு மேல் வாங்கிக் குவிக்கவும் கூடாது. இன்னொரு வீட்டில் இன்னொருத்தி தட்டில் எண்ணிக்கொண்டிருப்பாள்.

இந்த மருந்து எடுப்பவர்களுக்குக் கோவிட் வராது என்று அப்போது பலர் எங்களுக்கு வாழ்த்துச் சொன்னார்கள். அதுவும் உண்மையல்ல. அதை எடுத்துக்கொண்டிருந்த லூபஸ் நோயாளிகளுக்கும் கோவிட் வந்தது.

எங்களை உண்மையில் சாய்த்தது இதற்குப் பிறகு வந்தது. லூபஸ் சிறுநீரகத்தைத் தொட்டால் தொடக்கத்தில் வலிக்காது. அதனால்தான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சிறுநீரும் ரத்தமும் கொடுக்கச் சொல்கிறார்கள். கடைசியாகக் கொடுத்தது 2019 டிசம்பரில். மார்ச்சில் ஊரடங்கு. ஜூனில் பயம், பரிசோதனைக் கூடத்தில்தான் தொற்று இருக்கும் என்று நாங்களே தீர்மானித்தோம். செப்டம்பரில், "நன்றாகத்தானே இருக்கிறேன்" என்றாள், நாங்களும் விட்டுவிட்டோம். அக்டோபரில் ஒரு மாலை அவள் காலுறையைக் கழற்றியபோது கணுக்காலுக்கு மேலே அதன் விளிம்பு கயிறு கட்டிய தடம் போல ஆழமாகப் பதிந்திருந்தது. விரலால் அழுத்தினேன். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது. "சிறுநீர் நுரைக்கிறதா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஒரு மாதமாக" என்றாள்.

ஒரு நாள் முழுக்கச் சேர்க்கும் சிறுநீரில் புரதம் 150 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். அவளுக்கு இரண்டு கிராமைத் தாண்டியிருந்தது. சிறுநீரகத்தில் ஊசி விட்டுத் திசு எடுத்தார்கள். அதிக அளவு ஸ்டீராய்டு, அதோடு மைக்கோஃபீனோலேட் என்ற எதிர்ப்பாற்றல் அடக்கி. மாத்திரையைக் குறைத்ததாலா, பரிசோதனையை விட்டதாலா என்று மருத்துவரிடம் கேட்டேன். நோய் தானாகவும் கிளம்பியிருக்கலாம், ஆனால் மார்ச்சிலோ ஜூனிலோ வந்திருந்தால் இவ்வளவு தூரம் போகும் முன் பிடித்திருப்பேன் என்றார். அந்த வரியை நான் இன்னும் சுமக்கிறேன். வைரஸ் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கும் முன்பே, அதன் பயம் அவளுடைய சிறுநீரகத்தைத் தொட்டுவிட்டது.

நாள்பட்ட நோயோடு இருப்பவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது இதுதான். அடுத்த தொற்று எது வந்தாலும், உங்கள் பரிசோதனைகளில் தள்ளிப்போடக் கூடாதது எது என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எல்லாமே அவசரம் அல்ல. கண் பரிசோதனையைச் சில மாதம் தள்ளலாம் என்று அவளுடைய மருத்துவர் சொன்னார். சிறுநீரைத் தள்ளக் கூடாது. சிறுநீரைப் பாட்டிலில் எடுத்து வீட்டில் ஒருவர் கொண்டுபோய்க் கொடுத்தாலே போதும், அவள் படியேற வேண்டியதே இல்லை. இந்த எளிய வழி எங்களுக்கு ஏழு மாதம் தோன்றவில்லை.

தடுப்பூசி வந்தபோது எங்கள் இருவருக்கும் கேள்விகள் எதிரெதிராக இருந்தன. எனக்கு: ஊசி என்னை ஏதாவது செய்துவிடுமா? அவளுக்கு: ஊசி அவளுக்கு ஏதாவது செய்யுமா?

என் பயத்துக்குக் காரணம் இருந்தது. 2011இல் ஒரு பல் வலிக்குப் போட்ட வலி மாத்திரையில் உதடு வீங்கி, தொண்டை அடைத்து, மருத்துவமனையில் அட்ரினலின் ஊசி போட்டுத்தான் மீட்டார்கள். ஆஸ்பிரின் வகை மாத்திரைகள் சில ஆஸ்துமாக்காரர்களுக்கு அப்படிச் செய்யும். 2020 டிசம்பர் 8 அன்று பிரிட்டனில் ஃபைசர் தடுப்பூசி போடத் தொடங்கிய முதல் நாளே, கடும் ஒவ்வாமை வரலாறு உள்ள இரண்டு சுகாதாரப் பணியாளர்களுக்கு ஒவ்வாமை வந்தது. இருவரும் தேறிவிட்டார்கள். மறுநாளே, கடும் ஒவ்வாமை வரலாறு உள்ளவர்கள் இந்த ஊசியைப் போட வேண்டாம் என்று அங்கே அறிவித்தார்கள். மூன்று வாரத்தில் அதைத் திருத்தி, ஊசியில் உள்ள பொருளுக்கே ஒவ்வாமை இருந்தால் மட்டும் தவிர்க்கச் சொன்னார்கள். முதல் அறிவிப்பு போன வேகத்தில் திருத்தம் போகவில்லை. "அலர்ஜி உள்ளவர்கள் போடக் கூடாதாமே" என்று 2021 பாதி வரைக்கும் என்னிடம் கேட்டவர்கள் உண்டு.

ஒவ்வாமை மருத்துவர் என்னிடம் அரைமணி நேரம் கேள்வி கேட்டார். எந்த மாத்திரை, எத்தனை நிமிடத்தில், முதலில் வீங்கியது எது. அந்த மாத்திரையின் அட்டையை அம்மா அன்றைக்கே கிழித்து ஒரு டைரியில் ஒட்டி வைத்திருந்தார். பெயர் தெரிந்ததால் பாதிக் கேள்வி அதிலேயே முடிந்தது. அடுத்து அவர் கேட்டது எனக்கு வியப்பாக இருந்தது: "குடல் பரிசோதனைக்கு முன்னால் குடிக்கக் கொடுக்கும் கரைசலைக் குடித்திருக்கிறீர்களா? மலச்சிக்கலுக்குப் பொடி எடுத்ததுண்டா?" ஃபைசர், மாடர்னா ஊசிகளில் சந்தேகத்துக்கு உள்ளாகும் பொருள் பாலிஎத்திலீன் கிளைக்கால். அதே வகைப் பொருள்தான் அந்தக் கரைசல்களிலும் இருக்கிறது. அதைக் குடித்து ஒன்றும் ஆகவில்லை என்றால் பயத்துக்கு இடம் மிகக் குறைவு. வேறு சில தடுப்பூசிகளில் இருப்பது பாலிசார்பேட் என்ற உறவுக்காரப் பொருள். தூசி, மகரந்தம், உணவு, வலி மாத்திரை எதற்கு ஒவ்வாமை இருந்தாலும் அது தடையல்ல என்று விளக்கினார். அமெரிக்காவில் கணக்கெடுத்தபோது, கடும் ஒவ்வாமை வந்தது பத்து லட்சம் ஊசிக்குச் சுமார் ஐந்து பேருக்கு.

மற்றவர்களுக்குப் பதினைந்து நிமிடம், எனக்கு முப்பது நிமிடம் என்று உட்கார வைத்தார்கள். முன்னிரவே என் பீக் ஃப்ளோ எண் பச்சையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். இழுப்பு இருக்கும் நாளில் ஊசி வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். பதினோராவது நிமிடத்தில் உள்ளங்கை அரித்தது. எழுந்து போய்ச் செவிலியரிடம் சொன்னேன். "சும்மா பயம்தான்" என்று அவர் ஒதுக்கவில்லை. நாடியைப் பார்த்து, நாக்கை நீட்டச் சொல்லி, கழுத்துத் தோலைப் பார்த்து, பக்கத்திலேயே நின்றார். அரிப்பு தானாக அடங்கியது. முப்பது நிமிடம் முடிந்ததும் இன்னும் பதினைந்து நிமிடம் இருக்கச் சொன்னார், இருந்தேன். வெட்கப்பட்டுக்கொண்டு அறிகுறியை மறைக்காதீர்கள். காத்திருக்கும் நாற்காலி அதற்காகத்தான் போடப்பட்டிருக்கிறது. காய்ச்சலுக்கு என்ன மாத்திரை என்பதையும் ஊசிக்கு முன்பே கேட்டு வைத்திருந்தேன். எனக்குப் பாராசிட்டமால் மட்டும்தான், யாராவது அன்போடு நீட்டும் வேறு வலி மாத்திரை அல்ல.

தங்கையின் உடம்பில் ஊசி ஒரு சலனமும் இல்லாமல் போனது. கை வலிகூட இல்லை. எங்களுக்கு அதுவே கவலை. உறுப்பு மாற்றம் செய்துகொண்ட 658 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வில், இரண்டு தவணைக்குப் பிறகும் 46 சதவீதம் பேருக்கு எதிர்ப்பணுக்களே உருவாகவில்லை என்று 2021 மே மாதம் வெளியானது. மைக்கோஃபீனோலேட் வகை மருந்து எடுப்பவர்களுக்கு இன்னும் மோசம். அவளும் அதைத்தானே எடுத்தாள்? நோய் அடங்கியிருந்ததால், ஒவ்வொரு தவணைக்குப் பிறகும் ஒரு வாரம் அந்த மருந்தை நிறுத்திவைக்க மருத்துவர் அனுமதித்தார். இதை யாரும் தாமாகச் செய்யக் கூடாது. நோய் கொதித்துக்கொண்டிருக்கும்போது நிறுத்தினால் சிறுநீரகம் போய்விடும். ரிட்டுக்ஸிமாப் என்ற இன்னொரு எதிர்ப்பாற்றல் அடக்கி எடுப்பவர்களுக்கு நாள் குறிப்பது இன்னும் கடினம். எதிர்ப்பணுக்களை உருவாக்கும் செல்களையே அது மாதக்கணக்கில் துடைத்துவிடும், அதனால் அந்த மருந்தின் அடுத்த சுற்றுக்குச் சுமார் நான்கு வாரம் முன்னதாகத் தடுப்பூசி விழும்படி பார்த்துத்தான் நாள் வைக்கிறார்கள். எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்குக் கூடுதலாக ஒரு தவணை என்பதை 2021 ஆகஸ்ட் 12 அன்று அமெரிக்கா அனுமதித்தது, வேறு பல நாடுகளிலும் அது வந்தது. அவள் அதையும் போட்டுக்கொண்டாள். எங்களுக்குச் சொல்லப்பட்டதில் மிகவும் உதவியது வேறொன்று: அவளைச் சுற்றியிருப்பவர்கள் அத்தனை பேரும் போட்டுக்கொள்ளுங்கள், அவளுக்குக் கிடைக்காத பாதுகாப்பை நீங்கள் வேலியாக நின்று கொடுங்கள்.

2022 ஜூலையில் வேலியைத் தாண்டிக் கோவிட் வந்தது. எனக்கு நான்கு நாள், மூக்கடைப்போடு போனது. அவளுக்கு முதல் நாளே பரிசோதனைப் பட்டையில் இரண்டாவது கோடு அழுத்தமாக விழுந்தது. ஐந்து நாளுக்குள் தொடங்க வேண்டிய வைரஸ் எதிர்ப்பு மருந்து இருந்ததால் உடனே அழைத்தோம். மருத்துவர் முதலில் கேட்டது அவள் எடுக்கும் எல்லா மருந்தின் பட்டியலையும், கடைசியாகப் பார்த்த சிறுநீரக அளவையும். அந்த மருந்தில் சேர்ந்திருக்கும் ரிட்டோனாவிர், கல்லீரலில் பல மருந்துகள் சிதையும் பாதையை அடைத்துவிடும். டாக்ரோலிமஸ் போன்ற எதிர்ப்பாற்றல் அடக்கி எடுப்பவர்களுக்கு ரத்தத்தில் அதன் அளவு விஷமாக ஏறிவிடும். என்னுடைய தினசரி இன்ஹேலரில் உள்ள சால்மெட்டெராலோடும் அது சேரக் கூடாது. இன்ஹேலரையும் மருந்துப் பட்டியலில் எழுத வேண்டும் என்று எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை. சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருந்ததால் அவளுக்கு அளவைக் குறைத்தார். மைக்கோஃபீனோலேட்டைச் சில நாள் நிறுத்தச் சொன்னார். ஸ்டீராய்டை மட்டும் ஒரு வேளைகூட விடக் கூடாது என்று மூன்று முறை சொன்னார். நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுப்பவர்களின் அட்ரினல் சுரப்பி தூங்கிப்போயிருக்கும். காய்ச்சலின் நடுவே மாத்திரை நின்றால் ரத்த அழுத்தம் சரிந்துவிடும். வாந்தி வந்து மாத்திரை தங்காவிட்டால், காத்திருக்காமல் மருத்துவமனைக்கு வந்து ஊசியாகப் போட்டுக்கொள்ள வேண்டும்.

தூசிக்காக நான் வாங்கியிருந்த ஹெப்பா வடிகட்டி வைத்த காற்றுச் சுத்திகரிப்பானை அவள் அறைக்கு வெளியே வைத்தோம். ஜன்னல்கள் இரவும் பகலும் திறந்திருந்தன. எட்டாம் நாள் காய்ச்சல் நின்றது. ஆனால் பத்தொன்பதாவது நாளிலும் பட்டையில் இரண்டாவது கோடு நிழல் போல இருந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும், ஆனால் இருந்தது. எதிர்ப்பாற்றல் அடக்கப்பட்டவர்களிடம் கிருமி வாரக்கணக்கில் தங்கலாம். ஐந்து நாள், ஏழு நாள் என்று அப்போது அறிவிக்கப்பட்ட தனிமைக் கணக்கு அவளுக்குப் பொருந்தாது என்று அவளே அலுவலகத்துக்கு எழுதினாள். இருபத்து நான்காம் நாள் கோடு மறைந்தது. அதற்குப் பிறகுதான் அம்மா அவள் தலையைத் தொட்டார்.

2023 மே 5 அன்று, கோவிட் இனி உலகளாவிய அவசரநிலை அல்ல என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அதே ஆண்டு ஜனவரியில்தான், ஊசி வேலை செய்யாதவர்களுக்காக வந்திருந்த எவுஷெல்ட் என்ற தயார் எதிர்ப்பணு மருந்து, புதிய உருமாற்றங்கள் முன்னால் செல்லுபடியாகவில்லை என்று அமெரிக்காவில் விலக்கப்பட்டிருந்தது. எல்லோரும் முகக்கவசத்தைக் கழற்றிய நாட்களில் அவளுடைய கவசங்களில் ஒன்று குறைந்திருந்தது. மருத்துவமனையில், பஸ்ஸில், சன்னல் இல்லாத அறையில் அவள் இப்போதும் முகக்கவசம் போடுகிறாள். "இன்னுமா?" என்று கேட்பவர்களிடம், "எனக்கு மருந்து அப்படி" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவாள். அலுவலகத்தில் ஒரு தோழி எதுவும் கேட்காமலேயே, அவள் பக்கம் உட்காரும்போது தானும் ஒன்றைப் போட்டுக்கொள்கிறாளாம். அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

எங்கள் அலமாரிக் கதவின் உட்புறத்தில் இரண்டு தாள்கள் ஒட்டியிருக்கின்றன. ஒன்று என்னுடையது: பச்சை, மஞ்சள், சிவப்பு எண்கள், ஒவ்வாத மாத்திரைகளின் பெயர், ஸ்பேசர் இருக்கும் இடம். மற்றொன்று அவளுடையது: மருந்துகளும் அளவும், காய்ச்சல் வந்தால் எதை நிறுத்துவது, எதை நிறுத்தவே கூடாது, யாரை அழைப்பது. மருந்து மாறும்போதெல்லாம் மருத்துவரிடம் காட்டித் தாளையும் மாற்றுகிறோம். இப்போது இருப்பது ஐந்தாவது. நாட்காட்டியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு தேதியைச் சிவப்பு மையில் வட்டமிடுவது அம்மாவின் வேலை. நாளை அப்படி ஒரு தேதி. அவள் பெயர் எழுதிய சிறிய பாட்டிலை இன்று மாலையே குளியலறை மாடத்தில் எடுத்து வைத்துவிட்டார்.